வி வில் கெட் பேக் டு யூ

பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் அவே என்று ஒரே சொல்லுக்கு வால் மாற்றி வால் ஒட்டினால் அர்த்தம் எப்படியெல்லாம் மாறுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். 'கெட் பேக் டு' என்பதற்கு நேரே, 'பிறகு தொடர்புகொண்டு பதில் தருதல்' என்று சிவப்பு மையில் இருந்தது. நோட்டில் எழுதியது தப்பே இல்லை. அதை நம்பிக்கொண்டு திண்டுக்கல்லில் வேலை தேடப் போனதுதான் தப்பு.

என் முதல் இண்டர்வியூ ஒரு நூல் மில்லின் ஆபீசில் நடந்தது. அப்போது எங்கள் வீடு சின்னாளபட்டிக்குப் பக்கத்து ஊரில் இருந்தது. காலையில் முதல் பஸ் பிடித்து, அக்காவின் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ஃபைலை மூடிவிட்டு, "வி வில் கெட் பேக் டு யூ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதில் தருவதாக வாயால் சொல்லிவிட்டாரே, இனி என்ன என்ற நினைப்பு.

பத்து நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனால்கூட பாத்ரூம் ஜன்னலில் அதை வைத்துவிட்டுத்தான் தண்ணீர் மொண்டேன். பதினோராம் நாள் அம்மா அவரைக்காய் வெஞ்சனத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவக என்னதான்டி சொன்னாக? சொன்னதை அப்படியே சொல்லு."

"பிறகு பதில் சொல்றோம்னாங்கம்மா."

"போயிட்டுத் தகவல் சொல்றோம்னாகளா?"

"ஆமா, அந்த மாதிரிதான்."

"அப்ப வேணாம்னு அன்னைக்கே சொல்லிட்டாக. இம்புட்டு நாளா அதுக்கா போனைக் கட்டிக்கிட்டு அலையிற? வா, வந்து சாப்புடு."

அம்மா ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் பஸ் நம்பர் மட்டும் படிப்பாள். மூன்று வருஷம் ஆங்கிலம் படித்த எனக்குப் பிடிபடாத வாக்கியம் அவளுக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபட்டது. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவை இரண்டு வருஷத்தில் பதினோரு குடும்பம் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்பார்கள். அக்கா காபித் தட்டோடு வந்து நின்று, கும்பிட்டுவிட்டு உள்ளே போவாள். பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நாங்க போயிட்டுத் தகவல் சொல்றோம்" என்பார். பதினோரு பேரும் இதையே சொன்னார்கள். ஒருவர்கூட, பெண் பிடிக்கவில்லை என்றோ நிலம் பத்தாது என்றோ வாய் திறக்கவில்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்து அவர்கள் காபியைக் குடித்துவிட்டு முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. சொல்லாமல் போய்விடுவதுதான் மரியாதை.

பிடித்திருந்தால் அடையாளம் வேறு. வந்த பெண்கள் அடுப்படி வரைக்கும் வந்து பேச்சுக் கொடுப்பார்கள், பையில் தயாராகக் கொண்டு வந்த மல்லிகைப் பூவை எடுத்து அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர்கள் அப்படித்தான் வைத்தார்கள். மற்ற பதினோரு பூவும் திரும்பிப் போய் யார் தலையில் ஏறியதோ தெரியாது. அதனால் போய்த் தகவல் சொல்கிறேன் என்பதன் பொருள் அம்மாவுக்குப் பழகிப் போயிருந்தது. அன்று அவள் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. மில்லில் இருந்து போன் வராதபோது எரிச்சல் இன்னும் கூடியது.

பிறகு எனக்குக் கிடைத்த வேலை, எதிர்பார்த்தபடியே, போய்ப் பதில் சொல்கிறேன் என்று சொல்லாத இடத்தில் கிடைத்தது. வத்தலக்குண்டு போகும் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். தாளாளர் அதற்கு முன்னால் தேங்காய் மொத்த வியாபாரம் பார்த்தவர். என்னைப் பார்த்து இரண்டே கேள்விதான். "கம்ப்யூட்டர் தெரியுமாம்மா? நாளைக்கே வர முடியுமா?" தெரியும் என்றேன், முடியும் என்றேன். இப்போதும் அதே ஆபீஸ், அதே மேஜை. நாற்காலி மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது.

ஆபீஸ் வேலை என்றால் எல்லாம்தான். அட்மிஷன், டி.சி., வேன் டிரைவர்களின் சண்டை, மதியச் சாப்பாட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்த பிள்ளைகள். ஏப்ரல் வந்துவிட்டால் இவற்றோடு டீச்சர் இண்டர்வியூவும் சேரும். முதல் வருஷ ஏப்ரலில் தாளாளர் என்னைக் கூப்பிட்டு அந்த வாக்கியத்தைக் கற்றுக் கொடுத்தார்.

"வந்தவங்க எல்லாருக்கும் கடைசியில இதைச் சொல்லி அனுப்பும்மா. வி வில் கெட் பேக் டு யூ. யாருக்கும் இல்லைன்னு மட்டும் சொல்லிறாத."

"வேணாம்னு தெரிஞ்சவங்களுக்குமா சார்?"

"அவங்களுக்குத்தாம்மா முக்கியமா சொல்லணும். ஏப்ரல்ல சேர்றேன்னு கையெழுத்துப் போட்டவ ஜூன்ல கம்பி நீட்டிருவா. கல்யாணம்பா, வீட்டுக்காரருக்கு மாத்தல்ம்பா. அன்னைக்கு நான் யாரைப் போயித் தேடுவேன்? இல்லைன்னு சொல்லிட்டா அவங்க வேற எடத்துக்குப் போயிருவாங்கல்ல."

கெட்ட மனுஷர் இல்லை. தேங்காய் வியாபாரத்திலும் அப்படித்தான் செய்திருப்பார். ஒரு லாரி வராவிட்டால் அடுத்த லாரி நிற்க வேண்டும். ஒரு டீச்சருக்குப் பின்னால் ஐந்து டீச்சரை மே மாதம் முழுக்க நிறுத்தி வைப்பது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் நடக்கிற வேலைதான். ஐந்து பேரும் வேறு வேறு இடங்களில் அதேபோல் நிற்பார்கள் என்பதால் யாருக்கும் பெரிதாகக் குறை இருப்பதாகவும் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப் போனது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டவள், இந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னபோது கொஞ்சம் உயரமாக ஆனதுபோல் இருந்தது. அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஃபைலை மூட வேண்டும். பிறகு சிரிக்க வேண்டும். வாக்கியம் முடியும்போது நாற்காலியில் இருந்து லேசாக எழுந்திருக்க வேண்டும், அப்போதுதான் எதிரில் இருப்பவரும் எழுந்திருப்பார். புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகள் முகம் மலர்ந்து "தேங்க்யூ மேம்" என்பார்கள். நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டா என்று கேட்டால் நான் கெட் பேக் என்பேன். என் வீட்டுக்காரர் உடனே ஹோட்டலுக்குப் போன் போட்டுவிடுவார். அவருக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரலில் ஏழாம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். கொடுக்கும்போது வேண்டியிருந்தது. இண்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால் தாளாளரின் மனைவி வீட்டுச் சொந்தத்தில் ஒரு மருமகளுக்கு அந்த இடம் என்று முடிவாகிவிட்டது. ஆர்டரை டைப் செய்தது நான்தான். வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். வரட்டும், மருமகள் ஜூனில் வராமல் போனால் என்ன செய்வது என்றார் தாளாளர். சொந்தத்தையே நம்பாத மனுஷர் என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று வந்த ஆறு பேரில் ஒருவர் சித்தையன்கோட்டையில் இருந்து வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். இண்டர்வியூ பத்து மணிக்கு; நான் எட்டு மணிக்கு ஆபீசைத் திறக்க வந்தபோதே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சர்டிபிகேட்டுகள் இருந்த ஃபைலைத் துணிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். எங்கள் பள்ளியில் பெண் டீச்சர்கள் எல்லோரும் மிஸ்தான். இண்டர்வியூவுக்கு வருகிறவர்களையும் அப்படியே கூப்பிடுவது வழக்கம். நான் "வாங்க மிஸ், உள்ள வந்து உக்காருங்க" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே அவர் முகம் தெளிந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்யப் போய்விட்டேன்.

மாதிரி வகுப்புக்கு ஏழாம் வகுப்பில் விட்டோம். பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று எடுக்கச் சொன்னார்கள். அவர் சாக்பீஸைத் தொடவே இல்லை. முதல் பெஞ்சில் இருந்த பிள்ளையை எழுப்பி, கையை நீட்டச் சொல்லி, ஒரு முழம் பூ அளந்து காட்டு என்றார். பிறகு கடைசி பெஞ்சில் இருந்த வளர்ந்த பையனை எழுப்பி, நீ ஒரு முழம் அளந்து காட்டு என்றார். இரண்டு முழமும் ஒன்றா என்று கேட்டதும் வகுப்பே இல்லை என்று கத்தியது. "அப்ப இந்த முழத்தில் பாதியையும் அந்த முழத்தில் பாதியையும் சேர்த்தால் ஒரு முழம் வருமா? வராது. முதலில் யார் கை என்று முடிவு பண்ணணும்." அதற்குப் பிறகுதான் போர்டுக்குத் திரும்பினார். ஜன்னல் பக்கம் நின்ற தாளாளர், "கெட்டிக்காரப் பொண்ணு" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்து அவர் என் மேஜைக்கு வந்தபோது வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் ஃபைலை மூடுவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க மிஸ்."

"பழனியில ஒரு ஸ்கூல்ல என்னைய எடுத்துட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள வாரேன்னு சொல்லணும். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அங்க போனா ஹாஸ்டல்லதான் தங்கணும், பிள்ளையக் கூட்டிட்டுப் போக முடியாது. எனக்கு நாலு வயசுல ஒரு பொம்பளப்பிள்ளை. அம்மாகிட்ட விட்டுட்டு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமைதான் பாக்கணும். அவுங்க அப்பா எங்களோட இல்ல. இங்க கிடைச்சா செம்பட்டியில ரெண்டு பேரும் வேன் ஏறிருவோம். அவளையும் இங்கயே யு.கே.ஜி.ல சேத்துருவேன்."

நான் அவருடைய விண்ணப்பத்தைப் புரட்டினேன்.

"வேலை போட்டுக் குடுங்கன்னு கேக்கல மேடம். நான் பழனிக்குப் போறதா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. பழனிக்குப் போங்க என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஆனால் தாளாளரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. எட்டு வருஷப் பழக்கமும் இருந்தது. நான் ஃபைலை மூடினேன், சிரித்தேன், "வி வில் கெட் பேக் டு யூ" என்று சொல்லி லேசாக எழுந்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சட்டென்று தமிழில் சொன்னேன்.

"கவலப்படாமப் போங்க மிஸ். நானே உங்களுக்குப் போன் பண்றேன்."

அவர்மேல் எனக்கு இரக்கம் இருந்தது, அது பொய்யில்லை. அந்த நாற்காலி காலியானால் அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்ற நினைப்பும் இருந்தது, அதுவும் பொய்யில்லை. எது கூட, எது குறைவு என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. போன் செய்யப் போவதில்லை என்பது மட்டும் சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவர் விண்ணப்பத்தில் போன் நம்பர் எழுதியிருந்தார். ஆனாலும் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் வாங்கி, அதில் பெரிதாக இன்னொரு தடவை எழுதிக் கொடுத்தார். "ரொம்ப தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் அக்கா ஆகியிருந்தேன்.

மே மாதம் பிள்ளைகளுக்குத்தான் லீவு, ஆபீசுக்கு இல்லை. அட்மிஷன் கூட்டத்தில் நான் அவரை மறந்துவிட்டேன் என்று எழுதினால் சௌகரியமாக இருக்கும். மறக்கவில்லை. முதல் வாரம் அவரே விளம்பரத்தில் இருந்த என் நம்பருக்குப் போன் செய்தார். "இன்னும் முடிவாகல மிஸ், சார் ஊர்ல இல்ல" என்றேன். தாளாளர் அப்போது பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை அவருடைய நம்பரைப் பார்த்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அது மேஜையில் உறுமி முடிக்கும் வரைக்கும் எதிரில் இருந்த அட்மிஷன் பாரத்தை ரொம்பக் கவனமாகப் படித்தேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. வாட்ஸப்பில் "வணக்கம் அக்கா" என்று ஒரு வரி மட்டும் வந்தது. கேள்வி எதுவும் இல்லை. நான் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்துவிட்டது, இனி சும்மா இருக்க முடியாது. கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பினேன். அந்தப் படம் வந்ததில் இருந்து எங்களைப் போன்றவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. வணக்கம், நன்றி, மன்னிக்கணும், ஆளை விடுங்க, எல்லாவற்றுக்கும் அதே கைதான்.

அப்போதும் பழனி விஷயத்தை அவர் எப்படியாவது சமாளித்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டேன். படித்தவர், நாலு இடம் பார்த்தவர், என் பேச்சை நம்பியா கையில் இருப்பதை விடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தோடு ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. தாளாளர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மருமகள் டீச்சர் முதல் நாளே எட்டரை மணிக்கு வந்து, ஆபீசில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்துவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போனார். பத்து மணி வாக்கில் சித்தையன்கோட்டை டீச்சர் கேட்டுக்குள் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேரே ஆபீசுக்கு வரவில்லை. வழியில் ஏழாம் வகுப்பு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே புது டீச்சர் பெரிய குரலில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. பிறகு வந்து, நான் சொல்வதற்கு முன்பே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆள் போட்டாச்சு போல."

"ஆமா மிஸ். நேத்துதான்..." என்று ஆரம்பித்தேன்.

"எப்பக்கா முடிவாச்சு?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. ஏனோ வெளியே வரவில்லை. "நீங்க இண்டர்வியூவுக்கு வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே" என்றேன்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மேஜை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இங்க வர்றதுக்கு முன்னாடியே பழனிக்குன்னு பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தேன்க்கா. திங்கக்கெழமை காலையில பழனிக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டுப் பெட்டியப் பிரிச்சேன். பிள்ளைக்கு அம்புட்டு சந்தோஷம்."

"நான் இங்கிலீஷ்ல சொன்னப்பவே நீங்க..." என்று இழுத்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தப்பை அவர் தலையில் கொஞ்சம் ஏற்றிவிடலாமா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

"அதை நான் நம்பவே இல்லக்கா. அந்த இங்கிலீஷை எத்தனை ஸ்கூல்ல கேட்டுருக்கேன். கேட்ட ஒடனே பழனிதான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் நீங்க தமிழ்ல ஒண்ணு சொன்னீங்கல்ல, நானே போன் பண்றேன்னு. அதைத்தான் நம்புனேன்."

அந்த ஆங்கில வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் பழனிக்குப் போயிருப்பார். தாளாளர் சொல்லிக் கொடுத்தது அந்த ஆங்கிலம் மட்டும்தான். மிச்சத்தைச் சொல்லச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று நானாகச் சேர்த்தது அது.

"பழனி நம்பர் இருக்கா? நான் பேசிப் பாக்குறேன்" என்றேன். ஒரு பள்ளி ஆபீசில் இருந்து இன்னொரு பள்ளி ஆபீசுக்குப் பேசினால் மரியாதை உண்டு. அவர் தன் போனில் இருந்த நம்பரைக் காட்டினார். நான் ஆபீஸ் போனில் இருந்து அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். குரல் அவ்வளவு பதமாக இருந்தது.

"ஏனுங்க, அந்தப் போஸ்டுக்கு அப்பவே ஆள் சேந்துட்டாங்களே. பரவால்லீங்க, அவிய பயோடேட்டாவ வாட்ஸப்புல அனுப்பி உடச் சொல்லுங்க. எடம் வந்தா நாங்களே கூப்புட்டுச் சொல்றோமுங்க."

"இந்த வருஷம் எதுவும் வாய்ப்பு இருக்குங்களா?"

"பாக்கலாமுங்க. கண்டிப்பாச் சொல்றோமுங்க."

அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மேஜைக்குப் பின்னால் எப்படி உட்கார்ந்திருப்பார், போனை வைத்த கையோடு எந்த வேலைக்குத் திரும்பியிருப்பார் என்று எனக்கு அச்சாகத் தெரிந்தது. நம்பரைக்கூடக் குறித்துக்கொண்டிருக்க மாட்டார். நான் போனை வைத்தேன். எதிரில் இருந்தவர் என் முகத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னக்கா சொல்றாங்க?"

கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை, காதால் கேட்டதுதான். சொன்னால் அவர் பயோடேட்டாவை அனுப்பிவிட்டு செம்பட்டி பஸ்ஸில் ஏறிப் போவார். இன்னும் ஒரு மாதம் போனைக் கையில் வைத்திருப்பார், பிள்ளையிடம் ஏதாவது சொல்லி வைப்பார். எனக்கும் அந்த நாற்காலி இப்போதே காலியாகும். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

"இல்லைன்னுட்டாங்க மிஸ். ஆள் போட்டாச்சாம். பயோடேட்டா அனுப்பச் சொன்னாங்க, அனுப்புனாலும் கூப்பிட மாட்டாங்க. அங்க எதிர்பாக்காதீங்க. இங்கயும் இந்த வருஷம் இடம் இல்ல, வராது."

அவர் துணிக்கடைப் பையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குத்திக்காட்டுகிற தொனியும் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை லேட்டாகச் சரியான விடை சொன்னால் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"உங்களுக்குச் சொல்ல வருதேக்கா."